காணும் என்றால் போதும்

எங்கள் பெரியம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் முதலில் யாரோடும் கதைக்கமாட்டார். கைப்பையை மேசையில் வைத்துவிட்டு யன்னலோரத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துவிடுவார். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரெயில் பாதை மட்டும்தான் இருக்கிறது. ரெயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அதிரும். அம்மாவும் ஒன்றும் கேட்கமாட்டார். சோற்றைக் கோப்பையில் போட்டபடி, "அக்கா, காணுமோ?" என்பார். "காணும்" என்பார் பெரியம்மா. போதும் என்பதை யாழ்ப்பாணத்து ஆட்களாகிய நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அநேகமான நாட்களில் வீட்டுக்குள் அவர் பேசும் முதல் சொல் அதுதான்.

பகல் முழுவதும் அவர் மற்றவர்களுக்காகக் கதைத்துவிட்டு வருவார். பெயர் ஜெகதீஸ்வரி. தொழில் உரைபெயர்ப்பு. பெரிய கூட்டங்களில் மண்டபத்தின் பின்பக்கமாக ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்திருப்பார்கள். அதற்குள் இருந்துகொண்டு, ஒருவர் தமிழில் பேசப் பேசவே அதை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சொல்ல வேண்டும். காதில் கருவி மாட்டியவர்களுக்கு அது கேட்கும். இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் "நான்" என்றால் உரைபெயர்ப்பாளரும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. அதனால் பெரியம்மா ஒரே நாளில் அமைச்சின் செயலாளராகவும், காணி இழந்த கிழவராகவும், வெளிநாட்டுத் தூதுவராகவும் இருந்திருக்கிறார். தனக்காக ஏதாவது கேட்க வேண்டியிருந்தால், "உரைபெயர்ப்பாளர் ஒன்று கேட்கிறார்" என்று தன்னையே யாரோ போலச் சொல்ல வேண்டும். அதையும் முடிந்தவரை தவிர்ப்பவரைத்தான் நல்ல உரைபெயர்ப்பாளர் என்பார்கள்.

அவர் சாவகச்சேரியில் பிறந்தவர். யுத்த காலத்தில் கொழும்புக்கு வந்து, பாமன்கடையில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் அறை எடுத்து இருந்தார். அந்த அம்மாவின் குசினிக்குள் நின்று சிங்களம் பழகினார். ரியூட்டரிகளில் ஆங்கிலம் படிப்பித்தார். பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆனார். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார். அவருக்குக் கலியாணம் சரிவரவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் கதைப்பதில்லை. சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் ஆட்கள் தேவைப்பட்டபோது முதன்முதலாகக் கூண்டுக்குள் போனார். அதன் பிறகு அந்த வேலையை அவர் விடவில்லை.

ஆனால் முன்பு ஒரு முறை அந்த வேலை அவரை விட்டது. காணி பற்றிய ஒரு கூட்டத்தில் ஒரு வயதான மனிதர் இரண்டு வசனம் பேசினார். அதில் ஓர் ஊர்ச்சொல் வந்தது. அது அங்கிருந்தவர்களுக்கு விளங்காது என்று நினைத்த பெரியம்மா, அதை விளக்கி ஐந்து வசனமாகச் சொன்னார். ஓர் அதிகாரி எழும்பி, "அவர் சொன்னது கொஞ்சம், இந்த மிஸ் சொன்னது கூடுதல். தன்னுடைய ஆட்களுக்குச் சார்பாகக் கூட்டிச் சொல்கிறார்" என்றார். அவ்வளவுதான். அடுத்த இரண்டு வருடம் யாரும் கூப்பிடவில்லை. காலி வீதியில், போட்டோகொப்பி எடுக்கும் ஒரு கொமியூனிகேஷன் கடையின் மூலையில் மேசை போட்டு, மறுபடி பிறப்புச் சான்றிதழ்களை எழுதிக்கொண்டிருந்தார். மெல்ல மெல்லத் திரும்பக் கூப்பிடத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பயம். கூட்டிச் சொன்னார், குறைத்துச் சொன்னார் என்ற கதை இன்னொரு முறை வந்தால், அறுபது வயது தாண்டிய ஓர் ஆளை அதற்குப் பிறகு யாரும் கூண்டுக்குள் விடமாட்டார்கள்.

இதை நான் எழுதுவது மீனவர் கூட்டத்தில் நடந்ததைச் சொல்வதற்காக. பெரியம்மா தானாக முழுவதையும் ஒருபோதும் சொல்லவில்லை. ஒலிபெருக்கி வேலை செய்யும் பௌஸி நானாவும், அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த நாகேந்திரம் மாமாவும் சொன்னவற்றோடு, பெரியம்மா சாப்பிடும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொன்னதைச் சேர்த்திருக்கிறேன்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் இருக்கும் கடல் ஒடுங்கியது. அங்கிருந்து வரும், றோலர் என்று நாங்கள் சொல்லும் பெரிய இழுவைப் படகுகள் கடல் எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து, மீனை அடியோடு வாரிக்கொண்டு போகின்றன. எங்கள் வடக்கு மீனவர்களின் வலைகள் அறுந்துபோகின்றன. இங்கிருந்து கடற்படை போய்ப் பிடிக்கிறது. ஆட்கள் மறியலுக்கு, அதாவது சிறைக்குப் போகிறார்கள். படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. அங்கே பெண்கள் அழுகிறார்கள், இங்கேயும் அழுகிறார்கள். இரண்டு நாட்டு அதிகாரிகளும் இரண்டு கரை மீனவர்களும் கொழும்பில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் இருந்து பேசுவதாக ஏற்பாடாகியது. இங்கே கட்டிக் கிடக்கும் படகுகளில் கொஞ்சத்தை விடுவது, பதிலுக்கு அவர்கள் மாரி காலத்தில் கோட்டைத் தாண்டாமல் இருப்பது. இதுதான் மேசையில் இருந்த கதை.

அங்கே ஒரு விசித்திரம் இருந்தது. இரண்டு பக்கத்து மீனவர்களுக்கும் தமிழ்தான் தெரியும். டில்லியிலிருந்து வந்த பெண் அதிகாரிக்கும், எங்கள் பக்கத்து மீன்பிடி அமைச்சுப் பணிப்பாளருக்கும் தமிழ் தெரியாது. பெரியம்மாவின் வேலை மீனவர்களின் தமிழை அதிகாரிகளுக்கு ஆங்கிலமாக்குவதும், அதிகாரிகளின் ஆங்கிலத்தை மீனவர்களுக்குத் தமிழாக்குவதும்தான். மீனவனுக்கும் மீனவனுக்கும் நடுவில் அவருக்கு வேலை இல்லை.

முதல் நாள் முழுவதும் நல்லெண்ணம், பரஸ்பர நம்பிக்கை, புரிந்துணர்வு என்றே போனது. இந்தச் சொற்கள் அதிகாரி வாயைத் திறக்க முன்னமே நாக்கில் வந்து நிற்கும் என்பார் பெரியம்மா. அவற்றை அவர் எத்தனையோ மேசைகளில் சொல்லியிருக்கிறார். அன்று இரண்டு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அச்சுத் தமிழில் சொன்னார். தேநீர் இடைவேளையில் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்த இன்னாசிமுத்து என்ற சங்கத் தலைவர், "அந்தம்மா ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரியே பேசுதுய்யா. எனக்குத் தூக்கம் வருது" என்றாராம். இரண்டு பக்கத்து மீனவர்களும் தேநீரை வெவ்வேறு மூலைகளில் நின்று குடித்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் பௌஸி நானா தன் வான் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார். அவர் தெமட்டகொடைக்காரர். கூண்டும் மைக்கும் கேபிளும் எல்லாம் அவருடைய வானில்தான் போய் வரும்.

"மெடம், இவங்க ரெண்டு பேரும் ஒரே பாஷ தானே பேசுற. பொறகு என்னத்துக்கு இந்தக் கூண்டு? ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிட்டா சரியாகிரும் தானே."

"பூட்டினா ஆளையாள் அடிச்சுக் கொண்டுபோடுவினம் பௌஸி."

"அதுவும் ஒரு முடிவு தானே மெடம்."

பெரியம்மா சிரிக்கவில்லை. அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

இரண்டாம் நாள் காலையில் பணிப்பாளர் ஓர் அறிக்கையை வாசித்தார். கட்டியிருக்கும் படகுகள் யாவும் பாதுகாப்பாக இருக்கின்றன என்பது அதில் ஒரு வசனம். "இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்" என்றார். பெரியம்மாவும் இன்னாசிமுத்துவின் காதுக்குள், "இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்" என்றார்.

அடுத்து எங்கள் வடக்குச் சங்கத் தலைவர் நாகேந்திரம் பேசினார். அறுபதைத் தாண்டியவர். வெயிலில் கறுத்த முகம். அன்றைக்கு அவர் வந்திருந்ததே அவருடைய ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வலையை அறுத்தவனோடு என்ன கதை என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சுருக்கமாகச் சொன்னார்.

"உங்கட றோலரால நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. எண்டாலும் ஒரு தொடக்கம் வேணும். எல்லாப் படகையும் ஒரேயடியா விடேலாது. பத்துப் படகு காணும்."

இன்னாசிமுத்து கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"என்னது? பத்துப் போட்டக் காணுமா?"

அவருடைய கரையில் காணும் என்றால் காணவில்லை, தொலைந்துபோனது என்று அர்த்தம். ஆளைக் காணும், மாட்டைக் காணும் என்று அவர்கள் சொல்வார்கள். இது நாகேந்திரத்துக்குத் தெரியாது. பத்து கொஞ்சம் என்று அந்த மனிதன் கோபப்படுவதாக அவர் நினைத்தார். அவருக்கும் கோபம் வந்தது.

"ஏன், பத்துக் காணாதோ உங்களுக்கு?"

"பத்தும் காணாதா! ஏய்யா, எங்க போட்ட வித்துத் தின்னுட்டு, இம்புட்டு தைரியமா எங்கிட்டயே சொல்றீகளா?"

"ஆர் வித்தது? வாயை அடக்கிக் கதையும்!"

"இப்பத்தான் அந்த அதிகாரி எல்லாம் பத்திரமா இருக்குன்னாரு. நீங்க காணுங்கிறீக!"

"ஓம், காணும்! காணும் எண்டுதான் சொல்லுறன்!"

இரண்டு பக்கமும் எழும்பிவிட்டது. கூண்டுக்குள் பெரியம்மா ஒவ்வொருவர் சொன்னதையும் அவரவர் அர்த்தத்திலேயே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். "பத்துப் படகு போதும்." "என்ன, பத்துப் படகு தொலைந்துவிட்டதா?" "பத்துப் போதாதா உங்களுக்கு?" கேட்டுக்கொண்டிருந்த டில்லி அதிகாரி காதுக்கருவியைத் தட்டிப் பார்த்தார். பணிப்பாளர் கூண்டின் பக்கம் திரும்பி, இந்தப் பெண் என்ன உளறுகிறார் என்பதுபோலப் பார்த்தார். கேள்வி ஒன்றாகவும் பதில் இன்னொன்றாகவும் இருந்தால் யாரும் நடுவில் இருப்பவரைத்தான் சந்தேகிப்பார்கள். சரியாகச் சொன்னதால்தான் அன்றைக்குப் பிழையாகச் சொன்னவர்போல ஆகிவிட்டார்.

மீனவர்கள் தமிழ் பேசும்போது காதுக்கருவி போடுவதில்லை. கூண்டுக்குள் இருந்து அவர் என்ன சொன்னாலும் அது அவர்களுக்குக் கேட்காது. கேட்க வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும்.

"மெடம், மைக் ஓன்ல ஈக்கி" என்றார் பௌஸி நானா, ஒலிப்பெட்டியின் பக்கத்தில் இருந்து. பெரியம்மா அதை அணைத்துவிட்டுக் கூண்டின் கதவைத் திறந்தார். கூட்டம் நடக்கும்போது அவர் அப்படி வெளியே போனதைப் பௌஸி நானா அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மேசையின் தலைமாட்டில் போய் நின்று, ஆங்கிலத்தில், "உரைபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல அனுமதி கேட்கிறார்" என்றார். பணிப்பாளர் தலையாட்டினாரா இல்லையா என்று தெரியாது. பெரியம்மா மீனவர்களின் பக்கம் திரும்பினார். அப்போது ரேடியோத் தமிழ் போய்விட்டது.

"ஐயா, இருங்கோ. அண்ணை, நீங்களும் இருங்கோ. இவர் காணும் எண்டு சொன்னது போதும் எண்டு. பத்துப் படகு விட்டாப் போதும் எண்டுதான் கேட்டவர். உங்களுக்குக் காணும் எண்டா இல்லை, துலைஞ்சுபோச்சு எண்டு. அவ்வளவுதான்."

 இன்னாசிமுத்து மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

"போதுமா?"

"போதும்" என்றார் பெரியம்மா.

"அப்ப காணாதோன்னு கேட்டது?"

"போதாதோ எண்டு."

"அடப்பாவிகளா" என்றார் இன்னாசிமுத்து. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்தான் முதலில் சிரித்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நாகேந்திரம் கடைசியாகச் சிரித்தார். அவருக்கு வெட்கமாக இருந்ததாம். பெரியம்மா திரும்பக் கூண்டுக்குள் போய், நடந்ததை அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். டில்லி அதிகாரியும் சிரித்தார். பணிப்பாளர் புன்னகைத்தார். ஆனால், "இனி உரைபெயர்ப்பாளர் கூண்டுக்குள்ளேயே இருப்பது நல்லது" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார்.

தேநீர் இடைவேளையில் எல்லாரும் ஒரே மூலையில் நின்றார்கள். "அண்ணே, டீ காணுமா?" என்று இன்னாசிமுத்து கேட்க, "உங்கட காணுமோ, எங்கட காணுமோ?" என்று நாகேந்திரம் கேட்டார். தட்டில் கடைசிப் பற்றிஸ் பலகாரத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு, "பற்றிஸ் காணும்" என்றார். எந்தக் காணும் என்று யாரும் கேட்கவில்லை, தட்டு வெறுமையாக இருந்தது. பெரியம்மா கூண்டுக்கு வெளியே வராமல் சுடுதண்ணீர் குடித்தார். பௌஸி நானா கண்ணாடியில் தட்டி, பெருவிரலைக் காட்டினார். இனி நல்லபடியாக முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

திரும்ப மேசைக்கு வந்ததும் இன்னாசிமுத்து போனை எடுத்து ஒரு படத்தை நாகேந்திரத்துக்கு நீட்டினார். நீலமும் மஞ்சளும் அடித்த ஒரு படகு.

"அண்ணே, உங்க ஊருக்குப் பக்கத்துலதான கட்டிப் போட்டிருக்காக. இது எம் போட்டு. முன்னால ஜெபமாலைன்னு எழுதியிருக்கும். என் மச்சான் ஓட்டிக்கிட்டு வந்தப்பப் புடிச்சது. அந்தப் பத்துல இது வருமா?"

நாகேந்திரம் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் தினமும் அந்தத் துறைமுகத்தைக் கடந்துதான் தொழிலுக்குப் போவார்.  பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி," என்றார், "உங்கட தமிழில சொல்லுறன். அந்தப் படகு காணும்."

இன்னாசிமுத்து பகிடி என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"போன மாரிக்குக் கட்டின இடத்திலயே தாண்டு போச்சு. அணியத்தில எழுதின பேர் கொஞ்ச நாள் தண்ணிக்கு மேல தெரிஞ்சது. அதோட இன்னும் ரெண்டு மூண்டு. ஆரும் உங்களுக்குச் சொல்லேல்லைப் போல."

தமிழ் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அது கேட்டுவிட்டது. தெரியாதவர்கள் காதுக்கருவியைப் பிடித்தபடி பெரியம்மாவின் குரலுக்காகக் காத்திருந்தார்கள். மேசையைச் சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தே பணிப்பாளருக்கு ஏதோ விளங்கிவிட்டது. அவர் உதவியாளரைப் பார்க்க, உதவியாளர் விரைந்து வந்து கூண்டின் கதவைக் கொஞ்சம் திறந்தார்.

"மிஸ், ஏக ஓன நே. கியன்ன எப்பா." அது தேவையில்லை, சொல்ல வேண்டாம் என்றார்.

குறைத்துச் சொன்னால் அந்த அறையில் இருந்த அதிகாரிகள் யாருக்கும் தெரியாது. அவருடைய வேலை இருக்கும். ஆனால் மேசையின் இரண்டு பக்கத்திலும் மீனவர்கள் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னாசிமுத்துவின் காதுக்குள், படகுகள் பாதுகாப்பாக இருப்பதை நான் உறுதியாகச் சொல்கிறேன் என்று காலையில் சொன்னதும் இதே குரல்தான்.

"மெடம் மூச்சு உடுற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டிச்சி" என்றார் பௌஸி நானா. "வேற ஒண்டும் இல்ல. நா நெனச்சேன், லைன் போயிட்டுன்னு."

பிறகு பெரியம்மா ஆங்கிலத்தில் சொன்னார். "உங்களுடைய தமிழில் சொல்கிறேன். அந்தப் படகு இல்லை. போன மழைக்குக் கட்டிய இடத்திலேயே மூழ்கிவிட்டது. இன்னும் இரண்டு மூன்றும்தான்." எல்லாவற்றையும் "நான்" என்றே, எதையும் கூட்டாமல், குறைக்காமல்.

அதன் பிறகு கூட்டம் நீளவில்லை. டில்லி அதிகாரி காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பணிப்பாளரிடம் ஆங்கிலத்தில் நேராகவே கேட்டார். பணிப்பாளர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். கூட்டறிக்கை பிற்போடப்பட்டது. பத்துப் படகு பற்றியும் மாரி காலம் பற்றியும் ஒரு முடிவும் எழுதப்படவில்லை. வெளியே தாழ்வாரத்தில் பணிப்பாளர் பெரியம்மாவோடு கோபமாகக் கதைக்கவில்லை. சிங்களத்தில், மிகவும் மரியாதையாக, "நீங்கள் களைத்துப்போனீர்கள் மிஸ். இனிக் கொஞ்சம் ஓய்வெடுங்கள்" என்றார். அதன் அர்த்தம் பெரியம்மாவுக்கு எந்த மொழியிலும் விளங்கும்.

வானில் வரும்போது பௌஸி நானா சொன்னார், "மெடம், நீங்க கூட்டியும் செல்லல்ல, கொறச்சும் செல்லல்ல. எங்கிட்ட ரெக்கோடிங் ஈக்கி. யாரு கேட்டாலும் போட்டுக் காட்டுவேன்."

"அழிச்சுவிடுங்கோ பௌஸி. ஆரும் கேக்கப்போறதில்லை."

அன்று பின்னேரம் நாகேந்திரம் மாமா எங்கள் வீட்டைத் தேடி வந்தார். யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் வெள்ளவத்தையில் இருந்துதான் புறப்படும். அதற்கு நேரம் இருந்தது. கையில் ஒரு பாரைக் கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. ஹோட்டல் அறையில் வைத்திருந்ததால், ஏதோ செத்துக் கிடக்கிறது என்று கூட்டித் துடைக்கிறவர்கள் முறைப்பாடு செய்தார்களாம். அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, பிறகு தலையைக் குனிந்தார்.

"தங்கச்சி, நான் வாய் விட்டதால உங்கட வேலை போட்டுதோ?"

"அதை விடுங்கோ அண்ணை. நீங்கள் ஏன் சொன்னனியள்? ஒருத்தரும் உங்களைக் கேக்கேல்லையே."

"அவன் சிரிச்சுப்போட்டுக் கேட்டவன். சண்டை பிடிச்சுக்கொண்டு கேட்டிருந்தா, ஓம் இருக்கு எண்டு பொய் சொல்லியிருப்பன்."

 அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"லிப்டுக்குப் பக்கத்தில என்னைப் பிடிச்சவன்" என்றார் நாகேந்திரம் மாமா. "நான் நினைச்சன், அடிக்கப்போறான் எண்டு. அழுதான். எவ்வளவு காலமா எல்லாரும் இருக்கு, இருக்கு எண்டே சொன்னவங்களாம். நீ ஒருத்தன்தான் இல்லைன்னே எண்டான். பேந்து சொன்னான், தன்ர சங்கத்துப் படகுகளை இந்த மாரிக்குக் கோட்டுக்கு இஞ்சால விடமாட்டானாம். மற்றச் சங்கக்காரருக்குத் தான் பொறுப்பில்லையாம். எத்தினை படகு எண்டு கேட்டன். எட்டாம்."

"எட்டோ" என்றார் அம்மா. "அந்தப் பக்கத்தில ஆயிரக்கணக்கில எல்லோ இருக்கெண்டு சொல்லுறவை."

"ஓம் பிள்ளை. எட்டுத்தான்."

அவரை பஸ் ஏற்றிவிட நானும் போனேன். காலி வீதியில் அந்த நேரத்துச் சனத்துக்குள் அவர் தடுமாறித் தடுமாறி நடந்தார். அலையில் நிற்கிற கால் இது, ரோட்டில் நிற்காது என்றார்.

பிறகு அமைச்சிலிருந்து பெரியம்மாவை யாரும் கூப்பிடவில்லை. வேறு அமைச்சுகளும் கூப்பிடவில்லை. அவர் கூண்டை விட்டு வெளியே போனார், சொல்ல வேண்டாம் என்றதைச் சொன்னார் என்று கதை பரவியிருக்க வேண்டும். நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலம் அது. எனக்கு ஆத்திரமாக இருந்தது. பேப்பருக்கு எழுதலாம், பேஸ்புக்கில் போடலாம் என்று நின்றேன். "ஆருக்கு என்னத்தை எழுதப்போறாய்? ஒராளும் பொய் சொல்லேல்லையே. களைச்சுப்போனன் எண்டவை. களைச்சுத்தான் போனன்" என்றார் பெரியம்மா. கொமியூனிகேஷன் கடையின் மூலையில் பழைய மேசை இன்னும் இருந்தது. அங்கே போய் மறுபடி பிறப்புச் சான்றிதழ்களை எழுதத் தொடங்கினார். பின்னேரம் வந்து யன்னலோரத்தில் இருப்பார். அம்மா சோறு போடுவார். அரைக் கோப்பையில், "காணும்" என்று கையால் மறைப்பார். பகலில் வேறு ஆட்களுக்காகக் கதைப்பது நின்றுபோனது. ஆனால் அவர் வீட்டில் கதைப்பதும் கூடவில்லை. அதுதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது.

மாரி முடிகிற நேரம் ஒரு பின்னேரம் நாகேந்திரம் மாமா போன் எடுத்தார். கடல் இரைச்சல் கேட்டதால் பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கச்சி, அவன் சொன்னபடி செய்தவன். அவன்ர எட்டும் வரேல்லை."

"மற்றதுகள்?"

"மற்றதுகள் வழமை போலத்தான். கிழமைக்கு மூண்டு தரம் வருதுகள். போன கிழமையும் என்ர மருமகன்ர வலை அறுந்து போட்டுது."

"அப்ப என்ன அண்ணை பிரயோசனம்?"

"பிரயோசனம் எண்டு சொல்லேலாது." என்றார். "அடுத்த கூட்டம் அங்கால இந்தியாவில வைச்சவை. நாங்கள் போய் வந்தனாங்கள். அங்க ஒரு பெடிச்சி மொழிபெயர்த்தவள். நல்ல தமிழ், ஆனா எங்கட பேச்சு அவளுக்குப் பிடிபடேல்லை. நானும் இன்னாசியும் இடைவேளைக்கு வெளியில நிண்டு கதைச்சுச் சரிசெய்தனாங்கள். இப்ப அவன் ஒரு சொல்லுச் சொன்னா நான் கேப்பன், உங்கட ஊரில இதுக்கு என்ன எண்டு. நான் சொன்னா அவன் கேப்பான். உங்களை வரச்சொல்லி நாங்கள் ரெண்டு பேரும் கேட்டனாங்கள். அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை."

பெரியம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார். ரெயில் ஒன்று போனது. 

"அப்ப இனி நான் தேவையில்லை" என்றார்.

"என்ன தங்கச்சி சொன்னியள்? இரைச்சலில கேக்கேல்லை."

"ஒண்டுமில்லை அண்ணை. ரெண்டு பேரும் கதைக்கிறியள்தானே. விடாமல் கதையுங்கோ."

போனை வைத்துவிட்டு அப்படியே இருந்தார். அவருக்குச் சந்தோசமா, மனவருத்தமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா வழமை போல ஒன்றும் கேட்காமல் கோப்பையை எடுத்து, இரண்டு அகப்பை சோறு போட்டு, நாகேந்திரம் மாமா தந்துவிட்டுப் போன கருவாட்டில் மிச்சமிருந்ததைக் குழம்பு வைத்து ஊற்றினார். மணம் வீடு முழுக்க நின்றது.

"அக்கா, காணுமோ?"

பெரியம்மா கோப்பையைப் பார்த்தார்.

"காணாது" என்றார். "இன்னும் ஒரு அகப்பை போடு."